அட்டாலியில் கிடந்த அப்பாரு துப்பாக்கி: கையில் எடுப்பது முதல் ரேஞ்சில் சுடுவது வரை

எங்கள் பக்கம், கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி சுற்றுவட்டாரத்தில், பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் என்னைத் தேடி வருவார்கள். "மாமா, அட்டாலியில (பரணில்) ஒரு துப்பாக்கி கெடந்துச்சுங்க. நல்லாத் தொடச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்" என்பார்கள். இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். துடைப்பது ஏழாவது வேலை. முதல் ஆறையும் தாண்டிக் குதித்துவிட்டு வந்து நிற்கிறார் மனுஷன்.

அதனால் இதை வரிசைப்படி எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் ஒன்று கை போகும், இல்லாவிட்டால் கேஸ் ஆகும். கைக்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: குழலை விட நீளமான ஒரு மரக்கம்பி அல்லது பித்தளைக் கம்பி, சாக்பீஸ், சின்ன டார்ச், பழைய பருத்தித் துணி, தையல் மிஷின் எண்ணெய், ஒரு நோட்டு. உப்புத்தாள் இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

1. முதலில் கம்பி: உள்ளே கெட்டித்து இருக்கிறதா

வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி, அதாவது லைசென்ஸில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுகிற ஒற்றைக்குழல், கெட்டித்தபடியே சுவரில் மாட்டப்பட்டிருப்பது சாதாரணம். ராத்திரி பன்றி வந்தால் உடனே வெடிக்கத் தயாராக இருக்கட்டும் என்று கெட்டித்து வைத்தவர் அதற்குள் காலமாகியிருப்பார். ஈரம் படாமல் இருந்தால் கருமருந்து கெட்டுப்போவதில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் ஒரு பொறி போதும்.

வாயை மண் சுவர் அல்லது வெற்று நிலத்தின் பக்கம் திருப்புங்கள். முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகவே கூடாது. குதிரையை (கேப்பை அடிக்கிற சுத்தியலை) தொடாமல், நிப்பிளில் (குழலின் பின்முனையில் உள்ள சின்ன முளையில்) கேப் (பொறி தருகிற சின்னத் தொப்பி) இருக்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பிறகு மரக்கம்பியை மெதுவாக அடிவரை விட்டு, குழல் வாய் அருகே கம்பியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கம்பியை வெளியே எடுத்து, கோடு வாய்க்கு நேரே வரும்படி குழலின் மேலேயே கிடத்துங்கள். கம்பியின் நுனி பற்றுவாய் (மருந்துக்குப் பொறி போகிற துளை) வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரல்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இரும்புக் கம்பி வேண்டாம், உரசினால் பொறி பறக்கும்.

எங்கள் ஊரில் ஒரு பையன், "அப்பாரு (தாத்தா) காலத்துல இருந்து சும்மாதான் மாமா மாட்டிக் கெடக்குது" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கம்பி விட்டேன். மூன்று விரல்கடை குறைந்தது. பின்னால் ரிப்பேர்க்காரர் எடுத்தபோது தேங்காய் நாரை உருட்டி இறுக்கின அடைப்பு, அதற்குக் கீழே ஒரு பிடி ஈய ரவை, இன்னொரு நார், அடியில் கறுப்பாக மருந்து. அந்தப் பையன் முந்தின நாள்தான் குதிரையை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்திருக்கிறான்.

கெட்டித்திருந்தால் நீங்கள் எடுக்காதீர்கள். சூடு காட்டாதீர்கள், தட்டாதீர்கள், தோண்டாதீர்கள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரை வீட்டுக்கு வரவழையுங்கள். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற ரகம் என்றால் மடக்கிப் பார்த்தாலே தெரியும். துருவால் மடங்கவில்லை என்றால், தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. இது எந்த ரகம்

பெயரும் வருஷமும் தேடி அலைய வேண்டாம். மூன்று கேள்வி போதும். வாய்வழி கெட்டிப்பதா, மடக்கித் தோட்டா போடுவதா? மடக்குவது என்றால் எஸ்.பி.பி.எல். ஒற்றைக்குழலா, டி.பி.பி.எல். இரட்டைக்குழலா? குழலுக்குள் வழவழவென்று இருக்கிறதா, திருகு வரிகள் ஓடுகின்றனவா?

மூன்றாவது கேள்விதான் உங்கள் தலைவிதியை முடிவு செய்யும். வழவழப்பான குழல் என்றால் பெரும்பாலும் 12 போர் (போர் என்றால் குழல் துளையின் அளவு) வேட்டைத் துப்பாக்கி அல்லது நாட்டுத் துப்பாக்கி. வரிகள் இருந்தால் ரைஃபிள். ரைஃபிள் என்றால் அடுத்த பகுதியைப் படிக்காமல் அதை இருந்த இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள்.

தெரிகிற எழுத்து, எண், முத்திரை எல்லாவற்றையும் நோட்டில் அப்படியே வரையுங்கள். இரட்டைக்குழலில் முன்கட்டையை (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரத்தை) கழற்றினால் குழலின் அடிப்பக்கத்தில் சோதனை முத்திரைகள் வரிசையாக இருக்கும். கிரீடமும் அதன் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளும் இருந்தால் பர்மிங்காம். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். இது பெருமைக்காக இல்லை, எந்தத் தோட்டா போடலாம் என்பதை இந்த முத்திரைகள்தான் சொல்லும்.

விக்டோரியா ராணியின் வி.ஆர். முத்திரையைப் பார்த்ததும் லட்சக்கணக்கில் விலை போகும் என்று கனவு காண்கிறவர்கள் உண்டு. ராணி இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். முத்திரைக்குப் பக்கத்திலேயே 1908 என்று வெட்டியிருந்தால் அது யாரோ பட்டறையில் அடித்த நகல். எழுத்து கோணலாகவோ தலைகீழாகவோ இருந்தாலும் அப்படித்தான்.

3. பட்டாளத்து ரகம் என்றால் கையை எடுங்கள்

வெளிநாட்டில் ராணுவம் கழித்துப்போட்ட ரைஃபிளைக் கடையில் வாங்கி ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சுடுகிறார்கள். அதை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்கிற ஆகப் பெரிய தப்பு. த்ரீ நாட் த்ரீ (303), 7.62, போலீஸ்காரர்களிடம் இருந்த 410 மஸ்கட், 380, 455 தோட்டா போடுகிற ரிவால்வர், 9 எம்.எம். சர்வீஸ் தோட்டா போடுகிற பிஸ்டல் ஆகிய எல்லாம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட போர். கலெக்டரே நினைத்தாலும் லைசென்ஸ் தர முடியாது. மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகம் 14 வருஷம் சிறை.

நெல்லியாம்பதி, வால்பாறை, மூணாறு எஸ்டேட் பங்களாக்களில் சாமான் ஏலம் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியோடு எடுத்த சாமானுக்கு அடியில் ஒரு பழைய ரிவால்வர் இருந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

பார்த்த மாத்திரத்தில் பதறவும் வேண்டாம். 303 போலவே போல்ட் இழுக்கிற 315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை இச்சாப்பூர் தொழிற்சாலை சிவிலியன்களுக்கென்றே செய்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சட்டத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. குழலிலோ பின்னறை (தோட்டா உட்காரும் இடம்) வளையத்திலோ போர் எண் வெட்டியிருக்கும். அதைப் படித்த பிறகே பேசுங்கள்.

வெடிக்காத ஒரே ஒரு 303 தோட்டாவும் தடை செய்யப்பட்ட சரக்குதான். சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு விமான நிலையம் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

4. காகிதம்

எண்ணெய்க்கு முன்னால் காகிதம். காகிதத்தில் இரண்டு வழி உண்டு.

லைசென்ஸ் இருந்தது, லைசென்ஸ்காரர் இறந்துவிட்டார் என்றால், துப்பாக்கி அந்த நிமிஷம் முதல் வீட்டில் இருக்கக் கூடாத பொருள். தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். கருமாதி, சொத்துப் பிரிவினை எல்லாம் முடியட்டும் என்று ஆறு மாதம் இழுக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் ஆயுதச் சட்டப்படி குற்றம். நான் கடையில் ஒப்படைக்கத்தான் சொல்வேன். மாத வாடகை கேட்பார்கள், ஆனால் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். கெடுவுக்குள் திரும்ப வாங்காமலும் விற்காமலும் விட்டால் அரசு பறிமுதல் செய்துகொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

பிறகு வாரிசு லைசென்ஸுக்கு மனு. மனுவுக்குப் படிவம் ஏ-1. கூடவே மரணச் சான்று, பழைய லைசென்ஸ், தாலுகா ஆபீஸ் தருகிற அனந்தராவகாச சர்ட்டிபிக்கட் (வாரிசுச் சான்று), மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று. வயது 21 ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடிந்து கோப்பு கலெக்டரேட்டுக்குப் போகும்.

எங்கள் ஊர்க்காரர்கள் இடறுகிற இடம் இரண்டு. அக்கா தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் மனு நகராது, அங்கேயே நோட்டரியிடம் போட்டுக் கொண்டுவர வேண்டும். அடுத்தது பெயர். பழைய லைசென்ஸில் இனிஷியலோடு ஒரு எழுத்துக்கூட்டு, ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒன்று, ஆதாரில் ஆங்கிலத்தில் இன்னொன்று. பழனிச்சாமி, பழநிசாமி, பளனிச்சாமி மூவரும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்று முதலிலேயே வாங்கிவிடுங்கள். மனு கொடுத்த பிறகு வாங்கப் போனால் கோப்பு திரும்பி வந்து முதலில் இருந்து ஆரம்பிக்கும். சித்தூர் தாலுகா 1956-க்கு முன் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தது, அதற்கும் முன் கொச்சி சமஸ்தானம். பக்கத்துப் பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்து மலபார். டிரங்குப் பெட்டியில் இருக்கிற பழைய காகிதம் எந்த ஆட்சியின் முத்திரையோடு இருந்தாலும் நகல் எடுத்து இணையுங்கள்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்ற வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவர் கையில் 25 வருஷம் இருந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது வாரிசு பெயருக்கு மாற்ற மனு செய்யலாம். அவரே வந்து கையெழுத்துப் போடுகிற காலத்தில் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

லைசென்ஸே இல்லை என்பது இரண்டாவது வழி. சுமந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், வழியில் மறித்தால் அதுவே கேஸ். வீடு இடிக்கையில் கிடைத்தது என்று எழுதி, முடிந்தால் ஒரு வக்கீலிடம் காட்டி, ஸ்டேஷனில் கொடுத்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லி, ரசீது வாங்குங்கள்.

"நூறு வருஷப் பழசுங்க, ஆன்டிக், லைசென்ஸ் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத பழம்பொருளுக்கு. வெடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு வயது எத்தனை ஆனாலும் லைசென்ஸ் வேண்டும். பயன்படுமா படாதா என்று தீர்மானிப்பதும் நீங்கள் இல்லை, எழுத்தில் வாங்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய பொருளைத் துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்பலாம் என்ற நினைப்பும் வேண்டாம், தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது.

5. எல்லை தாண்டுமுன் ஒரு வரி படியுங்கள்

நமக்கு மருந்துக்கடையும் கல்யாண மண்டபமும் கோயம்புத்தூர். துப்பாக்கி ரிப்பேருக்கும் கால் அங்கேதான் போகும். லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று ஒரு வரி இருக்கும்: மாவட்டம், மாநிலம் அல்லது இந்தியா முழுக்க. கேரளம் மட்டும் என்றிருந்தால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டையோ கோபாலபுரத்தையோ தாண்டிய அடுத்த அடியில் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். வீடு இந்தப் பக்கம், தோப்பு அந்தப் பக்கம் என்று இருக்கிறவர்கள் மனு செய்யும்போதே காரணம் எழுதி எல்லையை விரித்துக் கேளுங்கள்.

ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ வேறு ஆள் எடுத்துப்போகலாம், உங்கள் எழுத்துமூல அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக, உறையில். தோட்டா தனியாக. லைசென்ஸ் அசலாக.

6. குழலைத் தட்டியும் பார்த்தும் படிப்பது

ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள். அவர் சொல்வது புரியும், ஏமாற்றவும் முடியாது. பார்ப்பதற்கும் துப்பாக்கி சட்டப்படி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்படைத்த கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் நீட்டி, பின்பக்கத்தில் இருந்து பாருங்கள். நல்ல குழலில் வெளிச்சம் வட்ட வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். ஒரு வட்டம் கோணினால் அங்கே அமுங்கல். கறுப்புப் புள்ளிகள் அரிப்பு. பின்னறைப் பக்கம் ஆழமான அரிப்பு இருந்தால் அந்தக் குழலின் காலம் முடிந்தது, ஏனென்றால் அழுத்தம் அங்கேதான் அதிகம். குழலின் வெளிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் புடைப்பு தெரியும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. இரட்டைக்குழலைக் கொக்கிப் பக்கம் ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் லேசாகத் தட்டுங்கள். சந்தையில் சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். மணி போல இழுத்து ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்க்கிற பட்டையின் பற்று நன்றாக இருக்கிறது. விரிசல் சட்டி மாதிரி 'டொக்' என்று அடங்கினால் பற்று விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் குழலைத் தின்றுகொண்டிருக்கும்.

பூட்டிய பின் முன்கட்டை இல்லாமல் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அல்லது குழலின் பின்முகத்துக்கும் அதை மூடுகிற அடைப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், ரிப்பேர்க்காரர் இறுக்கித் தராமல் சுடக் கூடாது. வெடிக்கும்போது வாயு அந்த இடுக்கு வழியாகக் கண்ணுக்குத்தான் வரும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தாமல் கட்டை விரலால் முன்னே தள்ளுங்கள். நழுவினால் பல் தேய்ந்திருக்கிறது.

குழலின் மேல் சுருள் சுருளாக, புடவைக் கரை மாதிரி கோலம் ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்தது. கருமருந்துக் காலத்துச் சாமான். இப்போதைய தோட்டாவின் புகையில்லா மருந்துக்குக் கொடுக்கக் கூடாது. உள்ளே அரிப்பு எந்த மடிப்பில் ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அழகான பொருள்தான், ஆனால் என்னிடம் வந்த எந்த டமாஸ்கஸையும் சுடச் சொல்லி நான் அனுப்பியதில்லை.

7. துரு, கட்டை, எண்ணெய்

இப்போதுதான் துடைக்கலாம். உப்புத்தாள் ஏன் வேண்டாம்? பழைய நிறம் போனால் விலை போகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், தேய்க்கிற தேய்ப்பில் எண்ணும் பெயரும் போய்விடும். துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி குற்றம். எண் இல்லாத துப்பாக்கியைப் புதுப்பிக்கக் கொண்டுபோனால், அழித்தது துருவா நீங்களா என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

மிஷின் எண்ணெய் பூசி இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய பித்தளைக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் செந்துரு உதிரும். இரும்பை விடப் பித்தளை மென்மை, கீறாது. கறுந்துருவை விட்டுவிடுங்கள், அது இனிமேல் தின்னாது.

தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, துப்பாக்கிக்கு விஷம். குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகி விசைக்குள் ஒட்டிக்கொள்ளும். என் சொந்த இரட்டைக்குழலின் இடது குதிரை மார்கழிக் காலையில் பாதி வழியில் நின்றதற்குக் காரணம் என் அம்மா ஆசையாகத் தடவிய தேங்காயெண்ணெய்தான்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், துணியில் இரண்டு சொட்டு, உள்ளங்கையால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி. அந்த எண்ணெய்த் துணியை உருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கட்டையின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று கவனியுங்கள். வார்னிஷ் அடித்தால் விரிசல் மறையும், தீராது.

தோலுறையில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆரம்பித்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஒரே வாரத்தில் உறையின் தையல் வரிசையே குழலில் துருவாகப் பதிந்திருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, பூட்டிய இரும்பு அலமாரியில், வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காது.

8. தோட்டா

பழைய 12 போர் துப்பாக்கிகளில் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் 70-ம் கிடைக்கிறது. 70 தோட்டா அந்த அறைக்குள் சமர்த்தாக உட்காரும், அதுதான் பொறி. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்து விரிந்த பின் உள்ள நீளம். விரிகிற வாய்க்கு இடம் இல்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். அறையை ரிப்பேர்க்காரர் அளந்து சொன்ன நீளத்தை நோட்டில் எழுதி, பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 தவறி 12 குழலில் விழுந்தால் அறையைத் தாண்டி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் அறை காலி. அதன் பின்னால் 12 போட்டுச் சுட்டால் இடது கை விரல்கள் மிஞ்சாது. 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

நாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு ஒன்று. வேலை என்கிற கோவில் திருவிழாவில் வெடிக்கிற கதினா (இரும்புக் குழாய் வெடி) மருந்தும் சிவகாசிப் பட்டாசு மருந்தும் துப்பாக்கி மருந்து அல்ல. கறுப்பாக இருப்பதெல்லாம் கருமருந்து ஆகாது. பட்டாசு மருந்து எரியாது, ஒரே அடியாக வெடிக்கும். குழல் வாழைப்பூ மாதிரி விரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் கடையில், லைசென்ஸில் எழுதி வாங்குங்கள்.

9. ரேஞ்சில் முதல் வெடி

தோப்பில் இல்லை, ஏரிக்கரையில் இல்லை, கோவில் நோம்பியில் நிச்சயம் இல்லை. உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி கொண்டாட்ட வெடி வெடித்தால் 2 வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். காட்டுப்பன்றி விஷயத்தில், 2022 முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் சுட உத்தரவிடலாம் என்பது உண்மை. உத்தரவு எழுத்தில் வேண்டும். உங்கள் தோட்டத்துப் பன்றிக்கு நீங்களே உத்தரவு போட்டுக்கொள்ள முடியாது.

மாவட்ட ரைஃபிள் சங்கத்தின் ரேஞ்சில் முன்கூட்டியே கேளுங்கள். பழைய துப்பாக்கி என்றால் மறுப்பவர்களும் உண்டு, கோபப்படாதீர்கள். முதல் இரண்டு வெடி கையில் வேண்டாம். ரிப்பேர்க்காரர் தாங்கியில் கட்டி, கயிறு இழுத்துச் சுட்டுக் காட்டட்டும். வெடித்த தோட்டாவின் பித்தளையைப் பாருங்கள்: பிளந்திருந்தாலோ புடைத்திருந்தாலோ அன்றோடு நிறுத்துங்கள்.

கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். ஒவ்வொரு முறையும் கெட்டிக்கும் முன் குழலுக்குள் ஒரு பார்வை. ஒரு தேர்தலுக்கு ஒப்படைத்த என் துப்பாக்கி இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒப்படைத்த இடத்தின் பெயர் எதற்கு. வலது குழலுக்குள் குளவி மண் கூடு கட்டி, உள்ளே பச்சைப் புழுவை அடைத்து வைத்திருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். வாங்கின ரசீதில் குளவிக்கூடு எழுதவில்லை என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒப்படைக்கும்போது குழல் வாயில் துணி அடைத்து, அடைத்திருக்கிறேன் என்று ரசீதிலேயே எழுதச் சொல்கிறேன்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே மடக்காதீர்கள், திருப்பிப் பார்க்காதீர்கள். வாயை இலக்கின் பக்கமே வைத்து ஒரு முழு நிமிஷம் நில்லுங்கள். கருமருந்து சில சமயம் உள்ளுக்குள் புகைந்து, தாமதித்து வெடிக்கும்.

10. சுட்ட அன்றே கழுவுங்கள்

கருமருந்து சுட்ட குழலுக்கு எண்ணெய் போட்டால் போதாது. எரிந்தபின் படிகிற உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் துரு பூக்கும். குழலைக் கழற்றி, கொதிக்கிற வெந்நீரை ஊற்றித் துணியால் இழுங்கள். வெந்நீரின் சூட்டிலேயே குழல் தானாகக் காய்ந்துவிடும். பிறகு எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி இழுத்துப் பாருங்கள், பழுப்பு வந்தால் மறுபடி வெந்நீர்.

11. இன்னொன்று வாங்க ஆசை வந்தால்

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். வாரிசாக வந்தாலும் இந்தக் கணக்குக்குள்தான். அதனால் நம் ஊரில் சேகரிப்பு என்றால் இரண்டு துப்பாக்கியும், சுற்றி வருகிற சாமான்களும்: மருந்துக் கொம்பு, ரவை வார்க்கிற அச்சு, பித்தளைக் கம்பி, பழைய விலைப்பட்டியல். எனக்கு இதில்தான் ருசி. ஒரு மான்கொம்பு மருந்துக்குடுவை பார்த்தேன், மூடி திறக்கிற இடத்தில் கட்டை விரல் தேய்ந்து குழிந்திருந்தது. மான்கொம்பு வனவிலங்குச் சட்டத்தில் வரும் என்பதால் வாங்காமல் விட்டேன். மாட்டுக்கொம்பு என்றால் கேள்வி இல்லை.

இன்னொரு லைசென்ஸ்காரரிடம் வாங்குகிறீர்கள் என்றால், விற்பவர் உங்கள் பெயரும் விலாசமும் எழுதிக் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ தெரிவித்து 45 நாள் ஆன பிறகே கை மாற வேண்டும். அதற்குள் "சும்மா வீட்டில் வைத்திருங்கள்" என்று அவர் சொன்னால் நழுவி விடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் குழல், பூட்டு, முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்ணை லைசென்ஸோடு ஒப்பிடுங்கள். முன்கட்டை மட்டும் வேறு எண்ணாக இருந்தால் வேறு துப்பாக்கியுடையது. துருவில் 3 எது, 8 எது என்று தெரியாது. ஒரு மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறும். எனக்கு 3 என்று ஏறியது, லைசென்ஸ் புத்தகத்தில் யாரோ 8 என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தி வாங்க நாலு மாதம் ஆனது. அந்தத் தாளை லைசென்ஸின் கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறேன்.